ஏழு பேர் கேட்ட பாட்டு

நாடகம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "எல்லாரும் இவங்கள என்னென்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சிடுச்சு. இவங்க என்னடா செஞ்சாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. பார்த்தே ஆகணும், பார்த்தே ஆகணும் என்று ஒரு மாதமாக நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து அவளை உட்கார வைத்தவன் நான்தான். முதல் முறை தனியாகப் பார்த்தபோது அழுதேன். அக்காவோடு பார்த்தபோதும் அழுதேன், அவள் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை. அதன் பிறகு நான் எதற்காக அழுதேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாடகத்தின் பெயர் 'லேடி டே அட் எமர்சன்ஸ் பார் அண்ட் கிரில்'. எழுதியவர் லேனி ராபர்ட்சன். 1986இல் அட்லாண்டாவில் முதலில் மேடையேறியது. 2014இல் லோனி பிரைஸ் இயக்கத்தில் பிராட்வேக்கு வந்தபோது ஆட்ரா மெக்டொனால்ட் நடித்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஆறாவது டோனி விருது. நான் பார்த்தது எச்.பி.ஓ. 2016இல் ஒளிபரப்பிய பதிவு. நியூ ஆர்லியன்சில் ஒரு சிறிய கூடத்தில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். மேசைகள், மங்கிய விளக்குகள், கையில் கோப்பைகளோடு ஆட்கள். நாமும் அங்கே ஒரு மேசையில் இருப்பதுபோலத்தான் கேமரா நகர்கிறது.

1959 மார்ச் மாதம். ஃபிலடெல்பியாவில் ஒரு சின்ன மதுக்கூடம், நள்ளிரவு நெருங்கும் நேரம். பாட வந்திருப்பவர் பில்லி ஹாலிடே. இன்னும் நான்கு மாதத்தில், ஜூலை 17 அன்று, 44 வயதில் இறந்துவிடுவார். நமக்கு அது தெரியும், மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒரு பாட்டு, பிறகு ஒரு கதை, பிறகு இன்னொரு பாட்டு. போகப் போகக் கதைகள் நீள்கின்றன, பாட்டுகள் பாதியில் அறுகின்றன. பியானோவில் இருக்கும் ஜிம்மி பவர்ஸ் அவரை மறுபடி பாட்டுக்குள் இழுக்கப் பார்க்கிறார். நடுவில் ஒருமுறை பில்லி உள்ளே போய்விட்டுக் கையில் குட்டி நாயோடு திரும்பி வருகிறார். நீளமான கையுறை கீழே இறங்கி, ஊசி போட்ட தடம் தெரிகிறது. தொண்ணூறு நிமிடம் இப்படியே போகிறது. பியானோக்காரருக்குச் சில வரிகள் இருந்தாலும் இதை ஓராள் நாடகம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மேடையில் வாழ்க்கை இருப்பது ஒருவருக்குத்தான்.

இந்த நாடகத்தின் விதை எங்கிருந்து வந்தது என்று ராபர்ட்சன் சொல்லியிருக்கிறார். பில்லி இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அவருடைய நண்பர் ஒருவர் ஃபிலடெல்பியாவில் ஒரு மோசமான மதுக்கூடத்தில் பில்லி பாடக் கேட்டிருக்கிறார். கையில் நாய், நிலை தடுமாறும் நடை. பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் பாடிவிட்டுப் போய்விட்டார். கேட்டவர்கள் மொத்தம் ஏழு பேர்.

இந்த ஏழு என்ற எண் என்னை விடவே இல்லை. நம்மில் யாருக்குத்தான் விடும்? ஒரு கலைஞர் எவ்வளவு மறக்கப்பட்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டாம். ஆனால் அங்கேயே ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படுகிறது. பில்லியை நியூயார்க் மறந்துவிடவில்லை, தடுத்து வைத்திருந்தது. அப்போது மது விற்கும் கூடங்களில் பாட வேண்டுமென்றால் அந்த ஊர்க் காவல்துறை தரும் அட்டை ஒன்று வேண்டியிருந்தது. 1947இல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றதும் பில்லி அந்த அட்டையை இழந்தார். மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையிலிருந்து வெளியே வந்த சில நாட்களிலேயே, 1948 மார்ச்சில், கார்னகி அரங்கில் பாடினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. அங்கே அப்போது மது விற்கவில்லை, அதனால் அட்டை தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடலாம், ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் பாடக்கூடாது. ஜாஸ் பாடகர் ஒருவருக்குத் தினசரிச் சோறு போடுவது அந்த ஐம்பது பேர் கூடம்தான். அதனால்தான் அவர் வெளியூர் வெளியூராக அலைந்தார். ஃபிலடெல்பியா மதுக்கூடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த பாதை இது. நாடகமும் இதைச் சொல்கிறது. மேடையில் அவர் அந்த ஊரைத் திட்டும்போது நாம் சிரிக்கிறோம். அவரைத் தண்டித்த ஊர் அது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது.

நாடகத்தின் ஆகச் சிறந்த இடம், என் கணக்கில், ஒரு கழிப்பறைக் கதை. 1938இல் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் இசைக்குழுவோடு பில்லி தென்மாநிலங்களில் சுற்றுப்பயணம் போகிறார். ஓர் உணவகத்தில் அவருக்குக் கழிப்பறையைத் திறந்துவிட மறுக்கிறாள், வரவேற்கும் வெள்ளைக்காரப் பெண். கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. பில்லி அங்கேயே, அவள் காலணி மேலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். மெக்டொனால்ட் இதை ஒரு தேர்ந்த நகைச்சுவைக்காரர்போலச் சொல்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எப்போது கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாமே கணக்கு. கூடம் முழுக்கச் சிரிக்கிறது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஒரு கதையில் பில்லிக்கு ஏதோ ஒன்று நேர்ந்தது என்பதோடு விஷயம் முடிவதில்லை, பதிலுக்கு அவரும் ஒன்றைச் செய்கிறார். அதைவிட முக்கியம், அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்குத்தான் அவர் பாட்டிலும் இருந்தது.

மற்ற கதைகள் அப்படியில்லை. சிறு வயதில், அடிமையாக வாழ்ந்த பூட்டியின் அணைப்பில் தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் அவர் இறந்திருக்கிறார். அம்மாவோடு சண்டை. ஊசியைப் பழக்கிவிட்ட கணவன். சிறை. ஒவ்வொன்றும் ஒரு காயம், ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பாட்டு. அம்மாவோடு சண்டை என்றால் 'காட் பிளெஸ் த சைல்ட்', துரோகம் செய்யும் ஆண் என்றால் 'டோன்ட் எக்ஸ்பிளெய்ன்'. பார்க்கும்போது ரொம்பச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனா இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது: காயம் பட்டது, பாட்டு வந்தது. காயத்தை உள்ளே போட்டால் பாட்டு வெளியே வரும் இயந்திரம்போல. நடுவில் உழைப்பு, காது, தேர்வு எதுவும் வேண்டியதில்லை. இந்த இரண்டு பாட்டுகளையும் ஆர்தர் ஹெர்சாக்கோடு உட்கார்ந்து எழுதியவர் அவர் என்பதுகூட அந்த நேரத்தில் நம் மனசில் நிற்பதில்லை.

சரி, அதே 1959 மார்ச் மாதத்தில் பில்லி உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்? நியூயார்க்கில், ரே எல்லிஸ் இசையமைப்பில், ஒரு முழு இசைத்தட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 3, 4, 11 ஆகிய தேதிகளில் ஒலிப்பதிவு. அதுதான் அவருடைய கடைசி இசைத்தட்டு, இறந்த பிறகே வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே எல்லிஸோடு செய்த 'லேடி இன் சாட்டின்' பதிவின்போது, பில்லியின் குரல் நைந்துபோயிருப்பதைக் கேட்டு எல்லிஸ் முதலில் ஏமாந்துபோனார். பிறகு பதிவுகளைப் பொறுமையாகத் திரும்பக் கேட்டபோதுதான் தான் கவனித்தது சுருதியை மட்டுமே என்று அவருக்குப் புரிந்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார். ஆக, அந்த மார்ச்சில் ஏழு பேருக்கு முன் தடுமாறிய பெண்ணும், ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட்டுப் பாட்டாக முடித்துக்கொண்டிருந்த பெண்ணும் ஒருவர்தான். நாடகம் முதலாமவரை மட்டும் எடுத்துக்கொண்டது. நாடகம் ஆவணப்படம் இல்லை, எதை வேண்டுமானாலும் விடலாம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எதை விடுகிறது என்பதில்தான் அது அந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிகிறது.

இது ராபர்ட்சனின் கோளாறு மட்டும் இல்லை, ஓராள் நாடகம் என்ற வடிவத்தின் கோளாறும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் ஒருவர் மட்டும் நின்று, எதிரே இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் தன் கதையைச் சொல்கிறார். அவர் ஏன் சொல்ல வேண்டும்? ஏதாவது உடைந்திருந்தால்தான் சொல்வார். அதனால் இந்த வடிவம் தானாகவே ஒப்புதல் வாக்குமூலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இன்னொன்று, அது தன் நாயகரைத் தனிமைப்படுத்துகிறது. எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய நாடகம் என்றால் அதில் பெரிய பழுதில்லை. ப்ளூஸும் ஜாஸும் பாடியவரைப் பற்றியது என்றால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ஏனென்றால் ப்ளூஸ் ஒருவர் செய்யும் காரியமே இல்லை. வழக்கமான ப்ளூஸ் பாட்டில் ஒரு வரிக்கு ஒதுக்கிய இடத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பாடகர் எடுத்துக்கொள்வார். மீதி இடம் பதிலுக்கு. கித்தாரோ பியானோவோ டிரம்பெட்டோ அங்கே வந்து ஏதாவது சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பாடகர் அடுத்த வரிக்குப் போவார். பாடுவதில் பாதி, கேட்பது.

பில்லி எப்படிக் கேட்டார் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்றொரு நேரலை நிகழ்ச்சி. பில்லி தானே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ'வைப் பாடுகிறார். அவருடைய பாட்டுகளில் அசல் ப்ளூஸ் வடிவத்தில் இருப்பவை கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. அவரைச் சுற்றி பென் வெப்ஸ்டர், கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்டிரிட்ஜ், ஜெரி முல்லிகன் என்று பெரிய பெரிய ஆட்கள். லெஸ்டர் யங்கும் இருக்கிறார். பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர், பதிலுக்கு பில்லியிடமிருந்து 'பிரெஸ்' என்ற பெயரைப் பெற்றவர். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. தன் முறை வந்ததும் எழுந்து நின்று சாக்ஸபோனில் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக வாசிக்கிறார். கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. தலை லேசாக ஆடுகிறது, உதட்டில் பாதிச் சிரிப்பு. அவன் அடுத்து எங்கே போவான் என்று தெரிந்தும், போகும்போது புதிதாகக் கேட்பதுபோல. நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான நாட் ஹென்டாஃப், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் கண்கள் அப்போது நிறைந்துவிட்டன என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கண்ணீர் வேறு ரகம். பாவம் என்று வருவதல்ல.

லெஸ்டர் யங் இறந்தது 1959 மார்ச் 15 அன்று. ராபர்ட்சன் தேர்ந்தெடுத்த அதே மாதம். ஆனால் எமர்சன்ஸ் மேடையில் லெஸ்டர் நிற்க முடியாது. பில்லி கேட்பதையும் நாம் பார்க்க முடியாது. அங்கே இருக்கும் ஒரே துணையான ஜிம்மி பவர்ஸுக்கு நாடகம் கொடுத்திருக்கும் வேலை பதில் சொல்வது அல்ல, காவல் காப்பது.

இன்னொரு சங்கதி. நாடகத்தில் பில்லி 'கிம்மி எ பிக்ஃபுட்' பாட்டைப் பாடுகிறார். அது பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டு. பெஸ்ஸி அதைப் பதிவு செய்தது 1933 நவம்பர் 24 அன்று. பெஸ்ஸியின் கடைசி ஒலிப்பதிவு நாள் அதுதான். மூன்றே நாள் கழித்து, அதே நியூயார்க்கில், அதே ஜான் ஹேமண்டின் ஏற்பாட்டில், 18 வயது பில்லி தன் வாழ்க்கையின் முதல் பாட்டைப் பதிவு செய்கிறார். ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போக, இன்னொருவர் திறந்துகொண்டு வருகிறார். பெஸ்ஸியிடமிருந்து முழக்கத்தையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து உணர்வையும் எடுத்துக்கொள்ள விரும்பியதாக பில்லி சொன்னதுண்டு. முழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய குரலின் எல்லை ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பெஸ்ஸி ஒலிபெருக்கியே இல்லாமல் கூடாரத்தை நிரப்பியவர். பில்லிக்கு மைக் வேண்டும். ஆகவே அவர் வேறொரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வழி என்ன என்பதுதான் அக்காவின் கேள்விக்கான பதில். அதைத் தேடி அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினேன். வேலையில் நான் நாள் முழுக்கப் பார்ப்பது அலை வடிவங்களைத்தான். ஒரு சமிக்ஞை தாமதமாக வந்தால் எங்கள் அகராதியில் அது பழுது. யாராவது ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து சரி செய்தாக வேண்டும். 1935இல் டெடி வில்சன் குழுவோடு பில்லி பாடிய 'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ'வை ஆடாசிட்டியில் போட்டு விரித்தேன். முதலில் பென்னி குட்மனின் கிளாரினெட் ஓடுகிறது, பிறகு பில்லி வருகிறார். குழு வேகமாக, கொஞ்சமும் பிசகாமல் போகிறது. தாளம் விழும் இடங்களில் கோடு போட்டுக்கொண்டே போனேன். பில்லியின் சொற்கள் பல இடங்களில் கோட்டில் விழவில்லை. கொஞ்சம் தள்ளி, கோட்டுக்குப் பின்னால் விழுகின்றன. வரியின் நடுவில் சொற்கள் நெருங்குகின்றன, எங்கோ ஓரிடத்தில் குழுவோடு சேர்ந்துகொள்கின்றன. சரி, இவர் எப்போதும் தாமதம் போல என்று நினைத்தால், அதே வரி திரும்ப வரும்போது தாமதத்தின் அளவே வேறு. நிலையான தாமதமாக இருந்தால் பழுது என்று சொல்லலாம். மாறிக்கொண்டே இருப்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார்.

இருபது வயதுப் பெண் அவர். அந்தக் காலத்தில் அவருக்கும் வில்சனுக்கும் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் மற்றவர்கள் சீந்தாத மெட்டுகள். ஜுக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்பவர்களுக்காக வேகவேகமாகப் பதிவு செய்தவை. மெட்டை அவர் தேர்ந்தெடுக்க முடியவில்லை, எங்கே விழ வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தார். மேலும் கீழும் ஏறி இறங்கும் மெட்டைத் தட்டையாக்கி, ஓரிரு சுரங்களுக்குள் கொண்டுவந்து, பேசுவதுபோல ஆக்கினார். சும்மா ஒரு நிலாப் பாட்டு, கேட்டால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மனசை மாற்றி மாற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. இதைத்தான் அவர் செய்தார். துயரம் பிறகு வந்தது. செய்முறை அதற்கு முன்பே தயாராக இருந்தது. 1939இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' வந்தபோது, மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மனிதர்களைப் பற்றிய அந்தப் பாட்டை ஓலமிடாமல் பாட அவரால் முடிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் அங்கே அழவில்லை, ஒவ்வொரு சொல்லையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

இங்கே ஆட்ரா மெக்டொனால்டுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் ஜூலியார்டில் சாஸ்திரிய இசை கற்ற சொப்ரானோ. பெரிய, விரிந்த குரல். பில்லிக்கு இல்லாதது அத்தனையும் அவரிடம் உண்டு. நாடகத்துக்காக அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறார். தொண்டையை இறுக்கி, உயிரெழுத்துகளை நசுக்கி, சொல்லின் கடைசியில் குரலைக் கீழே விடுகிறார். முக்கியமாகக் காத்திருக்கிறார். குழு போய்க்கொண்டிருக்கும், இவர் வாயைத் திறக்க மாட்டார், நமக்குத்தான் பதறும். பிறகு வந்து சேர்வார். சிலர் இதை வெறும் மிமிக்ரி என்று ஒதுக்கக்கூடும். முதல் முறை எனக்கும் லேசாக அப்படித்தான் தோன்றியது. ஆடாசிட்டிக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது அந்தக் காத்திருப்புதான் நாடகத்தின் உண்மையான வாழ்க்கை வரலாறு என்று பட்டது. ராபர்ட்சனின் வசனம் சொல்லாமல் விட்ட உழைப்பு, நடிகரின் தொண்டையில் இருக்கிறது. ஒரு வருத்தம் மட்டும்: கதை 1959இல் நடப்பதால் 1935இன் பாட்டையும் அவர் 1959இன் குரலில்தான் பாடியாக வேண்டும். அந்த இருபது வயதுக் குரலை முன்பே கேட்டிராதவர்களுக்கு அந்தத் தூரம் தெரியவே தெரியாது. ஆகவே இந்த நாடகத்தைப் பார்க்கப்போகும் நண்பர்களுக்கு ஒரே விண்ணப்பம்: முதலில் டெடி வில்சன் பதிவுகளில் நாலைந்தைக் கேட்டுவிடுங்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே பில்லி ஹாலிடேயைப் பற்றி நண்பர்களிடம் பேசிவந்திருக்கிறேன். என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்டதைச் சொல்வேன். வங்கியில் 70 காசு இருந்ததைச் சொல்வேன், காலோடு கட்டி வைத்திருந்த 750 டாலரைச் சொல்வேன். கேட்பவர்கள் "அடப்பாவமே" என்பார்கள், எனக்குத் திருப்தியாக இருக்கும். ஒரு தடவைகூட அவர் தாளத்துக்குப் பின்னால் பாடுவதைப் பற்றிச் சொன்னதில்லை. நானே கவனித்திருந்தால்தானே சொல்வதற்கு. அந்த மதுக்கூடத்தில் இருந்த ஏழு பேர் பாட்டைத்தான் கேட்டார்கள். நான் கேட்டது செய்தியை.

போன வாரம் அக்காவை மறுபடி உட்கார வைத்து அந்த 1957 பதிவைப் போட்டுக் காட்டினேன். எட்டு நிமிடம்கூட இல்லை. எதுவும் விளக்கவில்லை. லெஸ்டர் எழுந்து வாசித்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "கொஞ்சம் பின்னாடி போடா. அந்தப் பெரியவரு வாசிக்கிறப்போ இவங்க மூஞ்சியப் பாக்கணும்."

"பெரியவரு இல்லக்கா, அவருக்கு அப்ப 48 வயசுதான்" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லு. இப்ப போடு."

மூன்று முறை போட்டேன்.